புளியஞ்சோலையில் ஒரு வழங்கி

கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில் புளியஞ்சோலை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை என்னும் பெயருடன் அருவியாய் வீழும் ஐயாறு, பாறைகளுக்கிடையே நெளிந்து இறங்கி இவ்வூரின் அருகே தரையைத் தொடுகின்றது. விடுமுறை நாள்களில் துறையூரிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் மக்கள் இங்கு நீராட வருவர். வந்தவர் நீரைக் கண்டு மகிழ்வர், நிழலில் அமர்ந்து உண்பர், மாலையில் திரும்புவர். மலைமேல் வாழ்பவரைப் பற்றி எண்ணுவோர் அவருள் மிகச் சிலரே.

மலையின் பெரும்பகுதி நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. புளியஞ்சோலையோ திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. புளியஞ்சோலையிலிருந்து ஆகாயகங்கைக்கு ஏறும் காட்டுப்பாதை நடந்து செல்வார்க்கே உரியது. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் இன்று மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமை, தினை, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்களை அவர்கள் வழிவழியாகப் பயிரிட்டு வந்தனர். மூங்கிலால் முடைந்து மண் பூசிய தொம்பையில் தானியத்தைச் சேர்த்து வைப்பது அவர்கள் வழக்கம்.

அவர்கள் சாமையைச் சாமை என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச்சாமை என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. தினையிலும் செந்தினை, பெருந்தினை எனப் பிரிவுகள் உள. ஒன்று விரைவில் விளையும். ஒன்று காலம் தாழ்த்தி விளையும். எந்த நிலத்துக்கு எது ஏற்றது என்பதை முதியோர் அறிவர். ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளில் சிறுதானியக் கொல்லைகள் பலவற்றில் மரவள்ளி ஏறிவிட்டது. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கிழங்குக்கு ரொக்கப் பணம் கிடைக்கும். இதில் உழவரைக் குறைகூற இடமில்லை. ஆனால், விதை என்பது விதைக்கப்பட்டால்தான் வாழும். சில ஆண்டுகள் தொம்பையிலேயே கிடந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். விதை போனபின் பெயர் மட்டும் சிலகாலம் நாவில் நிற்கும். பின்னர் அதுவும் மறையும்.

புளியஞ்சோலையில் ஒரு மாணவி இருக்கின்றாள் என்று கொள்க. அவள் அம்மாயி மலைமேல் வாழ்கின்றாள். அம்மாயியின் வாயிலிருந்து கேட்ட விதைப்பெயர்களையும், எந்த ஊரில் எவர் வீட்டில் எந்த விதை உள்ளது என்பதையும் அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கின்றாள். ஒருவர் வந்து, “கட்டவெட்டிச் சாமை விதை எங்கே கிடைக்கும்?” என்று கேட்டால் ஏட்டின் பக்கங்களை எல்லாம் புரட்ட வேண்டியிருக்கின்றது. ஏடு ஒன்று, கேட்போர் பலர். ஏடு அவளிடம் இருக்கும்போது மலைமேல் உள்ளோர்க்கு அதனால் பயன் இல்லை. இக்குறையைத் தீர்க்க, தன் அண்ணன் பள்ளியில் பெற்ற மடிக்கணினியைத் துணையாகக் கொள்ள அவள் முடிவு செய்கின்றாள். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவ்வாறு வந்த கணினிகள் பல வீடுகளில் படம் பார்ப்பதற்கே பயன்பட்டன என்பதும் உண்மையே.

அவள் செய்யப் புகும் செயலுக்கு வலைச் செயலி அமைத்தல் என்று பெயர். அதனை இயக்கித் தரும் கணினியை வழங்கி என்றும் சர்வர் என்றும் கூறுவர். ‘சர்வர்’ என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதியது அன்று. உணவு விடுதியில் இட்டிலி கொண்டுவந்து வைப்பவரை ஊரார் எல்லோரும் அப்படித்தான் அழைப்பர். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படம் அச்சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கணினிச் சர்வரின் தொழிலும் ஏறத்தாழ அதுவே. ஒருவர் கேட்கின்றார்; அது சமையலறைக்குச் சென்று, கேட்டதைக் கொண்டுவந்து வைக்கின்றது. கேட்பது உலாவி என்னும் மென்பொருள். சமையலறை என்பது தரவுத்தளம். கேட்டது இல்லையெனின் ‘404’ என்னும் எண்ணைச் சொல்லி வெறுங்கையுடன் நிற்கும். விடுதிச் சர்வர் கேளாமலே இரண்டாம் முறை சாம்பார் ஊற்றுவதும் உண்டு; கணினிச் சர்வரோ கேட்டதற்கு மேல் ஒரு துளியும் தராது.

இவ்விடத்தில் பலர் மயங்குவது ஒன்று உண்டு. வழங்கி என்றால் தொலைதூர நகரம் ஒன்றில், குளிரூட்டிய மாளிகையில் இருப்பது என்று எண்ணுவர். அத்தகைய வழங்கிகள் உள்ளனவே. ஆனால் வழங்கியாவதற்கு இணையமே வேண்டுவதில்லை. மேசைமேல் உள்ள மடிக்கணினியே கேட்பதாகவும் கொடுப்பதாகவும் இருக்கலாம். அதற்கென்றே 127.0.0.1 என்னும் முகவரி ஒதுக்கப்பட்டுள்ளது. எந்தக் கணினியில் இருந்து அதனைக் கேட்டாலும் அது அந்தக் கணினியையே குறிக்கும். ‘என் வீடு’ என்று எவர் சொன்னாலும் அது சொன்னவர் வீட்டையே குறிப்பது போன்றது அது. மலைமடிப்புகளில் கைப்பேசி அலை மறைந்து மறைந்து வரும் ஊர்களுக்கு இது பெரிய வசதி.

இத்தொழில் முதன்முதல் எங்குத் தொடங்கியது என்பதையும் அறிதல் வேண்டும். சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையில் செர்ன் என்னும் அணு இயற்பியல் ஆய்வுக்கூடம் உள்ளது. பல நாட்டு அறிஞர் அங்கே வருவர், சில ஆண்டுகள் இருப்பர், திரும்பிச் செல்வர். அவரவர் கணினி வேறு. அவரவர் குறிப்புகள் வேறு. எவரிடம் எந்தச் செய்தி உள்ளது என்பதை அறிவதே பெரும்பாடாய் இருந்தது. ஆங்கிலேயரான டிம் பெர்னர்சு-லீ இதனைக் கண்டு, 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு திட்டத்தை எழுதி மேலாளரிடம் கொடுத்தார். மேலாளர் அதனை உடனே ஏற்றுப் போற்றவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஆர்வமூட்டுகின்றது, ஆனால் தெளிவில்லை என்னும் கருத்தை அதன் தலைப்பில் குறித்து வைத்தார். பின்னர் நெக்சுட் என்னும் கணினி ஒன்று வாங்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு முடிவதற்குள் அதன்மேல் உலகின் முதல் வலை வழங்கியும் முதல் உலாவியும் இயங்கின. அக்கணினி உலகின் முதல் வழங்கி ஆயினும், ஒருவர் மேசையில் கிடந்த உள்ளூர்க் கணினியே ஆகும். அறையைப் பெருக்க வருவோர் எவரேனும் அதனை நிறுத்திவிட்டால் உலக வலை முழுதும் நின்றுவிடும்! ஆதலின், ‘இது வழங்கி, இதனை நிறுத்தாதீர்’ என்னும் பொருள்படச் சிவப்பு மையால் எழுதிய தாள் ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டது. அத்தாளோடு அக்கணினி இன்றும் பாதுகாக்கப்படுகின்றது.

அரிய கருவி பிறந்துவிட்டது. ஆனால் அதனை நாடுவோர் இல்லை. அந்நிலையை மாற்றியது யாதெனின், ஒரு தொலைபேசி எண் ஏடு. செர்ன் ஆய்வுக்கூடத்தின் தொலைபேசி எண்கள் எல்லாம் பெருங்கணினி ஒன்றில் இருந்தன. ஓர் எண்ணை அறிய வேண்டின் அக்கணினியுள் முறைப்படி நுழைந்து, கேட்டறிந்து, வெளியேற வேண்டும். பெர்னர்சு-லீயும் அவர் தோழர் இராபர்ட் கையோவும், அவ்வேட்டைக் காத்துவந்த பெர்ன்ட் பொல்லர்மன் என்பவரை இணங்கச் செய்து, அதனை வலையின் வழியே கிடைக்கும்படி செய்தனர். நிக்கோலா பெல்லோ என்னும் மாணவி, எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய எளிய உலாவி ஒன்றை எழுதித் தந்தார். அதன்பின் ஆய்வுக்கூடத்தார் பலர் அதனை நாள்தோறும் பயன்படுத்தலாயினர். உலக வலை என்பது தொலைபேசி எண் பார்க்கும் கருவி என்றே அவருள் பலர் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தனராம்! சிறிய தேவை ஒன்றைத் தீர்த்ததனாலேயே பெரிய கருவி வேரூன்றியது. 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், அம்மென்பொருளை எவரும் விலையின்றிக் கையாளலாம் என்று செர்ன் அறிவித்தது. புளியஞ்சோலை மாணவிக்கும் அவ்வுரிமை அன்றே கிடைத்துவிட்டது எனலாம்.

அவள் வேலைக்குத் திரும்புவோம். பைத்தான் என்னும் நிரல்மொழியையும், ஃபிளாஸ்க் என்னும் சிறு கருவியையும் துறையூரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வருகின்றாள். ஏழெட்டு வரிகள் எழுதுகின்றாள். ஓட்டியவுடன், 127.0.0.1 என்னும் முகவரியில் 5000ஆம் எண் வாயிலில் காத்திருப்பதாகத் திரை சொல்கின்றது. உலாவியில் அம்முகவரியைத் தட்டுகின்றாள். ‘வணக்கம்’ என்னும் ஒரு சொல் வெள்ளைத் திரையில் தோன்றுகின்றது. பிறர் பார்த்தால் அதில் வியக்க ஒன்றும் இல்லை. ஆயின் கேட்டதும் அவள் கணினி. கொடுத்ததும் அவள் கணினி. கொடுக்கக் கற்பித்தவளும் அவளே அன்றோ!

அடுத்து, விதைப்பட்டியலைக் கோப்பில் தட்டச்சு செய்து நிரலுக்குக் காட்டுகின்றாள். சோதனைக்காகச் ‘சாமை’, ‘தினை’ என்னும் இரு சொற்களை மட்டும் முதலில் வைக்கின்றாள். திரையிலோ தலைமேல் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் வரிசையாய் நிற்கின்றன. முழுப்பட்டியலையும் கொடுத்தபோது நிரல் ஒன்றும் காட்டாமல் பிழை கூறி நின்றே விடுகின்றது.

இதன் காரணம் அறியத் தக்கது. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறை, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியுள்ளது. தமிழ் எழுத்துகள் 247 ஆயிற்றே, இடம் போதுமா எனின், உயிர்மெய்யைப் பிரித்துச் சேர்ப்பதால் போதும். ‘சாமை’ என்பது கண்ணுக்கு ஈரெழுத்து. கணினிக்கோ ச, கால், ம, ஐகாரக் குறி என நான்கு. யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று பைட்டு வீதம் பன்னிரண்டு பைட்டு ஆகும். ஆங்கில அமைப்புள்ள விண்டோசுக் கணினியில், பைத்தானின் பல பதிப்புகள் கோப்பைத் திறக்கும்போது, வேறு முறை சொல்லாவிடின், மேலை ஐரோப்பிய எழுத்துமுறை என்றே கொண்டுவிடும். அப்போது அப்பன்னிரண்டு பைட்டுகளும் பன்னிரண்டு ஐரோப்பியக் குறிகளாய்த் தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய இறுதிப் பைட்டுகளுக்கோ அம்முறையில் பொருளே இல்லை. ஆகவே ‘பெருஞ்சாமை’யைக் கண்டதும் நிரல் திகைத்து நின்றது. ‘சாமை’யில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை, ஆதலால் அது தடுமாறியேனும் கடந்து சென்றது.

கோப்பைத் திறக்கும் வரியில் ‘யு.டி.எஃப்-8’ என்று ஒரு சொல் சேர்த்ததும் தமிழ் தமிழாகவே வந்தது. அவ்வொரு சொல்லுக்குப் பின்னே பலர் உழைப்பு இருக்கின்றது. 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். அக்காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தனர். ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் புரியாக் குறிகளாய் நிற்கும். 1999ஆம் ஆண்டு பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணைய மாநாட்டின் வழியே பொதுவான விசைப்பலகை அமைப்பு வந்தது. ‘தமிழ்99’ என்னும் அதனையே அம்மாணவியும் பயன்படுத்துகின்றாள். அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010ஆம் ஆண்டில்.

எழுத்து வந்தது, அறிவு வந்துவிடவில்லை. ‘பெருஞ்சாமை’ என்று தேடினால் மூன்று வீடுகள் கிடைக்கின்றன. ‘பெரும் சாமை’ என்று எழுதப்பட்ட நான்காம் வீடு கிடைக்கவில்லை. மனிதர்க்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. எந்தப் பெயரை முதன்மையாகக் கொள்வது, எவ்வெப் பெயர்களை அதன்கீழ் அடக்குவது என்பதை நிரல் எழுதுபவர் தாமே முடிவு செய்தல் ஆகாது. அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு மலையேறுகின்றாள். அம்மாயி கேட்டுவிட்டு, “இவை இரண்டும் ஒன்றே, கண்ணு; அந்த ஊரார் அப்படிச் சொல்வார்கள். ஆனால் நீ ஒன்று என்று எழுதியிருக்கிறாயே, அவை இரண்டும் வேறு” என்கின்றாள். திருத்தங்கள் ஒன்பது. மடிக்கணினியில் அமர்ந்து செய்த எந்த வேலையைக் காட்டிலும் அன்றைய மலையேற்றமே செயலிக்கு மிகுதியாகப் பயன்பட்டது.

இம்முறை புதியதும் அன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் புதுச்சேரி வட்டாரத்துச் சிற்றூர்களில் தகவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. அந்நிறுவனமே கொல்லிமலையில் சிறுதானிய விதைகளைக் காக்கும் பணியையும் மலைமக்களோடு சேர்ந்து செய்துவந்துள்ளது. புதுச்சேரித் திட்டத்தில் வில்லியனூர் நடுநிலையமாய் விளங்கியது. தொலைபேசி இணைப்பு நம்பத்தக்கதாய் இல்லாமையால், ஊர்களுக்கிடையே வானொலிக் கருவிகள் வழியாகச் செய்தி சென்றது. மின்வெட்டுக்கு மாற்றாகச் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. என்ன செய்தி வேண்டும் என்பதை ஊராரிடம் கேட்டறிந்தனர். விளைபொருள் விலை, அரசு உதவித் திட்டங்கள், மருத்துவ வசதி ஆகியன தமிழில் தொகுக்கப்பட்டன. நிலையத்தை நடத்தியோருள் உள்ளூர்ப் பெண்கள் பலர். நிலையம் அமையும் இடம் சாதி வேறுபாடின்றி எல்லோரும் நுழையக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் விதி. கம்பியையும் கருவியையும் விட அவ்விதியே கடினமானதாய் இருந்திருக்கும்.

வீராம்பட்டினம் கடற்கரை ஊர். அங்கே மீனவர் கேட்டது கடல் அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலைமுன்னறிவிப்பு நடுநிலையத்தில் பெறப்பட்டு, ஊரில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. கணினியைத் தொட்டறியாத மீனவரும் செவியால் அதன் பயனைப் பெற்றனர். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நல்லவாடு என்னும் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியை இயக்கி, கரையைவிட்டு ஓடுமாறு அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஊர்மக்கள் உயிர் தப்பினர். அன்று கணினி செய்தது ஒன்றும் இல்லை எனலாம். ஆனால் ஒலிபெருக்கி அங்கே இருந்தமைக்கும், அதன் சொல்லை ஊரார் நம்பி ஓடியமைக்கும் முன்னைப் பழக்கம் துணைநின்றது.

புளியஞ்சோலையில் இன்னும் ஒரு தடை எஞ்சியிருக்கின்றது. செயலி மடிக்கணினியில் நன்கு ஓடுகின்றது. அண்ணனின் கைப்பேசியிலிருந்து கேட்டால் விடை இல்லை. கைப்பேசியில் 127.0.0.1 என்று தட்டினால் அது கைப்பேசியையே குறிக்கும் என்பது அவளுக்குச் சற்றுப் பின்னரே நினைவுக்கு வருகின்றது. வீட்டு வைஃபை, மடிக்கணினிக்கு 192.168 என்று தொடங்கும் வேறொரு முகவரி கொடுத்திருக்கின்றது. அதனைத் தட்டினாலும் வாயில் திறக்கவில்லை. வழங்கி தன் வீட்டுக் குரலுக்கு மட்டுமே செவி கொடுக்கும்படி அமைந்திருந்ததே காரணம். 0.0.0.0 என்று மாற்றினால் எத்திசைக் குரலுக்கும் செவி கொடுக்கும். மாற்றுமுன் அவள் ஒன்றை எண்ணிப் பார்க்கின்றாள். பட்டியலில் வீட்டாரின் பெயர்களும் கைப்பேசி எண்களும் உள்ளன. அவற்றை வருவோர் போவோர்க்கெல்லாம் காட்ட எவரும் இசைவு தரவில்லை. எண்களை நீக்கி, ஊர்ப்பெயரை மட்டும் நிறுத்துகின்றாள். விதை வேண்டுவோர் ஊருக்குச் சென்று கேட்டுக்கொள்ளலாம். மலையில் அது பெரிய குறை அன்று. பின்னர் முகவரியை மாற்றி, விண்டோசு அரணிலும் இசைவு கொடுத்தபின், கைப்பேசித் திரையில் பட்டியல் மலர்கின்றது. அப்போது வீட்டில் இணைய இணைப்பு அறவே இல்லை.

அடுத்த முறை மலையேறும்போது மடிக்கணினியையும் சிறிய வைஃபைப் பெட்டியையும் சுமந்து செல்கின்றாள். திண்ணையில் வைத்து இயக்க, வந்த உறவினர் தத்தம் கைப்பேசியில் தத்தம் ஊரைத் தேடிப் பார்க்கின்றனர். ஒருவர் தம் வீட்டு விதை விடுபட்டது என்று சேர்க்கச் சொல்கின்றார். இடையில் சிறுவன் ஒருவன் மூடியைச் சாத்த, எல்லாத் திரைகளும் ஒருங்கே நின்றுபோகின்றன. அவள் குறிப்பேட்டிலிருந்து தாள் ஒன்றைக் கிழித்து, ‘மூடாதே’ என்று சிவப்பு மையால் எழுதி மேலே ஒட்டுகின்றாள்.

மாலையில் அம்மாயி அருகே வந்து அமர்ந்து, தன் இளமையில் விதைத்த தினை ஒன்றின் பெயரைச் சொல்லி, “அதையும் எழுது” என்கின்றாள். அவள் பெயரைத் தட்டுகின்றாள். விளையும் காலம் எத்தனை மாதம் என்று கேட்டுத் தட்டுகின்றாள். எந்த நிலத்துக்கு ஏற்றது என்பதையும் சேர்க்கின்றாள். ‘கிடைக்கும் ஊர்’ என்னும் கட்டம் வந்ததும் நிமிர்ந்து பார்க்கின்றாள். அம்மாயி நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதை மட்டும் இப்போதைக்கு விட்டுவை” என்கின்றாள்.